நீலகிரியில் வீட்டுக்கு மின்சாரம்: சோலாரா, காற்றாலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதைப் போடுவது?

பெரும்பாலான வீடுகளுக்குச் சோலார்தான். மரமே இல்லாத முகட்டில், மேற்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும் வீடுகளுக்கு மட்டும் காற்றாலையை யோசிக்கலாம். அதுவும் ஓர் ஆண்டு காற்றை அளந்து பார்த்த பிறகு. நிலத்துக்குள் வற்றாத ஓடை இருந்தால் இரண்டையும் விட அதுதான் சிறந்தது. ஓடையைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

ஊட்டி, குன்னூர், கூடலூர் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு செல்லுமா?

செல்லாது. மலையில் பலரும் ஏமாறுவது இங்கேதான். கோவையில் ஒருவர் போட்ட அதே அளவு அமைப்பை அப்படியே மேலே கொண்டு வந்து மாட்டிவிடுகிறார்கள்.

கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் நேரடி வாயில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் முகம் காட்டாத நாட்கள் வரிசையாக வரும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அந்தப் பக்கம் சோலாரின் பஞ்ச காலம் ஆடி மாதம். ஆனால் அதே மாதங்களில்தான் காற்றும் பலமாக அடிக்கும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தலைகீழ். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மேகமும் அடைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் நம்பத்தக்க காற்று கிடையாது; புயல் வந்தால் இரண்டு நாள் அடித்துவிட்டுப் போய்விடும். ஆகவே வெயில் இல்லாதபோது காற்று கைகொடுக்கும் என்ற வாதம் மேற்கு விளிம்புக்குப் பொருந்தும், கிழக்குச் சரிவுக்குப் பொருந்தாது. கோத்தகிரிக்காரர் காற்றாலைக்குச் செலவழிப்பதை விடக் கூடுதலாக இரண்டு பேனல் போடுவது நல்லது.

ஊட்டி இரண்டுக்கும் நடுவில். இரு மழையும் கொஞ்சம் கொஞ்சம் எட்டும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை வானம் பளிச்சென்று இருக்கும்.

கீழே உடுமலையில் அத்தனை காற்றாலை சுற்றுகிறது. அதை விட உயரத்தில் இருக்கும் எங்களுக்குக் காற்று போதாதா?

உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் தென்மேற்குக் காற்று நெருக்கிப் பிழியப்பட்டு, வேகம் கூடி, சமவெளியில் தடையில்லாமல் ஓடுகிறது. அங்குள்ள இயந்திரங்களும் தென்னை மரத்தைப் போலப் பல மடங்கு உயரத்தில் நிற்கின்றன. மலை மேல் வரும் காற்று குன்று, பள்ளம், சோலை, கற்பூர மரத்தோப்பு எல்லாவற்றிலும் மோதிச் சுழன்று வருகிறது. சுழல்காற்று இறக்கையைச் சீராகச் சுற்ற விடாது. பேரிங்கையும் இறக்கையின் அடியையும் உடைக்க மட்டும் நன்றாக உதவும்.

இன்னொன்று, மலைக்காற்று மெல்லியது. 2,200 மீட்டர் உயரத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 0.95 கிலோ அளவில் இருக்கும். கடல் மட்டத்தில் அது 1.2 கிலோவை ஒட்டியது. அதே வேகத்தில் அடித்தாலும் அதிலுள்ள ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றாலைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு கடல் மட்டத்துக்கானது. அதை ஊட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்கக் காற்று ஊளையிடுகிறதே?

சத்தத்தை வைத்துக் காற்றை மதிப்பிட முடியாது. கூரை இடுக்கிலும் மரக்கிளையிலும் சிக்கிய காற்று குறைந்த வேகத்திலும் ஊளையிடும். மின்சாரக் கணக்கில் காற்றின் வேகம் மூன்றாம் அடுக்காக வேலை செய்கிறது: வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும்.

2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை கொண்ட ஒரு வீட்டுக் காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் இதை 1 கிலோவாட் என்று சொல்லி விற்பார்கள். மலை உயரத்தில், ஆண்டுச் சராசரிக் காற்று வினாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒரு நாளைக்கு அரை யூனிட்டும் வராது. 4 மீட்டர் என்றால் ஏறத்தாழ 1 யூனிட். 5 மீட்டர் என்றால் 2 யூனிட். தெளிந்த நாளில் ஒரே ஒரு 540 வாட் பேனல் அந்த 2 யூனிட்டைத் தந்துவிடும், அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல்.

மரங்கள் சூழ்ந்த வீட்டு முற்றத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சராசரி 3 மீட்டரைத் தொடுவதே அரிது.

காற்றை எப்படி அளப்பது?

கிண்ணம் சுழலும் காற்றுமானியும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யும் கருவியும் போதும். காற்றாலை நிற்கப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில், ஜி.ஐ. குழாயில் ஏற்றி, குழாய் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டி ஓராண்டு விட வேண்டும். ஓராண்டு பொறுக்க முடியாதவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், பிறகு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலுமாவது அளக்க வேண்டும். ஜூலை மாதம் மட்டும் அளந்துவிட்டு அதை ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் கணக்கு தாறுமாறாகிவிடும்.

சராசரி 4.5 மீட்டருக்குக் கீழே வந்தால் காற்றாலை எண்ணத்தைக் கைவிடுங்கள். கைப்பேசிச் செயலியில் காட்டும் காற்று வேகம் பல கிலோமீட்டர் பரப்புக்கான மதிப்பீடு. உங்கள் வீட்டுச் சரிவு அதற்குத் தெரியாது.

மொட்டை மாடியிலேயே ஒரு சின்னக் காற்றாலை வைக்கலாமா? நெட்டுக்குத்தாகச் சுற்றும் வகை எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றுமாமே?

வைக்க வேண்டாம். கூரையில் மோதும் காற்று மேலெழும்பிச் சுழல்கிறது. சுழலுக்குள் எந்த வகை இறக்கையும் சரியாக ஓடாது. அதிர்வு சுவர் வழியே வீட்டுக்குள் இறங்கும், தகரக் கூரையாக இருந்தால் தூக்கம் போய்விடும். நெட்டுக்குத்து வகை எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும் என்பது உண்மை. ஆனால் சுற்றுவது வேறு, மின்சாரம் தருவது வேறு. அதே பரப்புள்ள வழக்கமான இறக்கை தருவதை விட அது குறைவாகவே தரும்.

முறைப்படி, 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள உயரமான தடையை விட இறக்கையின் தாழ்ந்த நுனி 10 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் 20 மீட்டர் நிற்கிறது என்றால் கோபுரம் 30 மீட்டர், அதாவது 100 அடி. அதற்கு நான்கு பக்கமும் ஸ்டே கம்பி, கம்பிக்குக் கான்கிரீட் அடித்தளம், சாய்த்து இறக்கிப் பழுது பார்க்கச் சமதரை. சரிவான நிலத்தில் இவ்வளவுக்கும் இடம் கிடைப்பது கடினம். மழையில் ஊறிய சரிவு மண் கம்பியின் பிடியைத் தளர்த்தும். ஒரு கம்பி தளர்ந்தால் கோபுரமே ஆடத் தொடங்கும்.

நிழல் தரும் மரத்தை வெட்டிவிடலாமா?

உங்கள் பட்டா நிலமாக இருந்தாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நீலகிரியில் நடைமுறையில் உள்ளது; அனுமதி வாங்க வேண்டும். கிளை கழிப்பதானாலும் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்தை நகர்த்துவதை விடப் பேனலை நகர்த்துவது எளிது. வீட்டுக் கூரையில் நிழல் விழுந்தால் மாட்டுக் கொட்டகைக் கூரை, தண்ணீர்த் தொட்டி மேடை என்று தேடுங்கள். 40 மீட்டர் தள்ளி வைத்தால் கேபிள் செலவு கூடும், அவ்வளவுதான்.

மூடுபனியில் சோலார் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் குறைவாக. மெல்லிய பனி என்றால் பாதி வரும். கனத்த மேகம் இறங்கி எதிர்வீடு தெரியாத நாளில், தெளிந்த நாளில் வருவதில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். சமவெளியில் 1 கிலோவாட்டுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று கணக்கிடுவார்கள். இங்கே பிப்ரவரியில் அதற்கு மேலேயே வரலாம். மழை மாதங்களில் 1 முதல் 1.5 யூனிட் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஆண்டுச் சராசரியை வைத்து மலையில் பாட்டரி அமைப்பு போட்டவர்கள் எல்லாரும் மழைக்காலத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குளிரில் பேனல் இன்னும் நன்றாக ஓடும் என்கிறார்களே?

சரிதான். பேனலின் சூடு ஒரு டிகிரி ஏறினால் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சமவெளி வெயிலில் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பேனல் இங்கே 40-இல் நின்றுவிடும். 6, 7 சதவீதம் லாபம்.

ஆனால் அதே குளிரில் ஓர் ஆபத்தும் உண்டு. குளிரக் குளிரப் பேனலின் வோல்டேஜ் ஏறும். 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதனோடும் இணைக்காதபோது காட்டும் வோல்டேஜ், சுமார் 49.5. மூன்றைத் தொடராக இணைத்தால் 148.5. 150 வோல்ட் தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலருக்கு (பேனலிலிருந்து பாட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இது சரியாகப் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் 49.5 என்பது 25 டிகிரிக்கான எண். தலைகுந்தாவில் உறைபனி விழுந்த ஜனவரிக் காலையில், 0 டிகிரியில், அது 7 சதவீதம் கூடி மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 159 ஆகிவிடும். முதல் வெயில் பட்டதும் கன்ட்ரோலர் புகைந்துவிடும். அதிக வோல்டேஜால் போனதற்கு வாரண்டியும் கிடைக்காது. 150 வோல்ட் கன்ட்ரோலர் என்றால் தொடரில் இரண்டு பேனல் மட்டும். அல்லது 250 வோல்ட் வகை வாங்குங்கள். மாட்டித் தருபவரிடம் ‘0 டிகிரிக்குக் கணக்குப் போட்டீர்களா?’ என்று கேளுங்கள். அவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு சாய்வில் வைப்பது?

பொது விதி, தெற்குப் பார்த்து 12 முதல் 15 டிகிரி. பத்துக்குக் குறைந்தால் மழைநீர் வழியாமல் கீழ்ச்சட்டத்தில் தேங்கிப் பாசி பிடிக்கும்.

நீலகிரியில் ஒரு திருத்தம் உண்டு. இங்கே பல ஊர்களில் காலை தெளிவாக இருந்து, மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். அப்படிப்பட்ட இடத்தில் பேனலைத் தென்கிழக்குப் பக்கம் திருப்புவது நல்லது. கூரை வடக்குப் பார்த்துச் சாய்ந்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம்; ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். சாய்வு 10, 15 டிகிரிதான் என்றால் ஆண்டுக் கணக்கில் இழப்பு பெரிதில்லை. டிசம்பரில் மட்டும் சூரியன் உச்சியிலிருந்து 35 டிகிரி தெற்கே சாய்வதால் குறைவு நன்றாகத் தெரியும்.

எதிர்மலையின் நிழலையும் பாருங்கள். டிசம்பர் மாதம் ஒரு நாள் காலை எத்தனை மணிக்குக் கூரையில் வெயில் விழுகிறது, மாலை எத்தனை மணிக்கு விலகுகிறது என்று குறித்து வையுங்கள். 9 முதல் 3 வரை தடையில்லாமல் இருந்தால் போதும்.

எத்தனை கிலோவாட் போட வேண்டும்?

முதலில் செலவைக் கூட்டுங்கள். ஒரு சாதாரண வீட்டுக்கு ஒரு நாள் கணக்கு இது. 9 வாட் எல்.இ.டி. ஆறு, 5 மணி நேரம்: 270 வாட்-மணி (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). டிவி 4 மணி நேரம்: 240. இணைய மோடம் நாள் முழுக்க: 240. மிக்சி பத்து நிமிடம்: 80. அரை எச்.பி. மோட்டார் அரை மணி: 250. பிரிட்ஜ்: 800. மொத்தம் 2 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

மோசமான மாதத்தில் கிலோவாட்டுக்கு 1 முதல் 1.5 யூனிட் என்றால், 2 கிலோவாட் பேனல் தேவை. பாட்டரி இரண்டு நாள் தாங்க வேண்டும் என்றால் 4 யூனிட்; 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி ஒன்று 5 யூனிட் பிடிக்கும், சரியாக இருக்கும். இதையே 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (ஈய-அமில) பாட்டரியில் செய்தால், ஒன்றில் உள்ள 1.8 யூனிட்டில் பாதியைத்தான் எடுக்கலாம், நான்கைந்து தேவைப்படும். குளிரில் அதன் கொள்ளளவு மேலும் குறையும்.

மின்வாரிய இணைப்போடு சோலார் இருக்கிறது. கரண்ட் போனால் விளக்கு எரியுமா?

பாட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைந்த ஆன்-கிரிட் அமைப்பில் எரியாது, நட்ட நடு வெயிலில்கூட. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மின்சாரம் பாயாதிருக்க, லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும்.

சமவெளியில் இது பெரிய குறையில்லை. இங்கே ஒரு மரம் லைனில் விழுந்தால் இரண்டு மூன்று நாள் கரண்ட் வராத ஊர்கள் இருக்கின்றன. ஆகவே மலைக்கு, லைனோடும் பாட்டரியோடும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் அளவான பாட்டரியும்தான் எங்கள் பரிந்துரை. பாட்டரியில் விளக்கு, மோடம், பிரிட்ஜ் மட்டும் ஓடும்படி தனி வயரிங் எடுங்கள்.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-க்கும் அதற்கு மேலும் ரூ.78,000. மின்வாரியத்தோடு இணைந்த கூரைச் சோலாருக்கு மட்டும்; பேனல் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். பாட்டரிக்கும் காற்றாலைக்கும் இதில் பணம் இல்லை.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓட்டும் வீடு என்றால், இலவச யூனிட் போக உங்கள் பில்லே சிறியது. பில்லைக் குறைக்க என்று மட்டும் சோலார் போட வேண்டாம். போட்ட பணம் திரும்ப வெகுகாலமாகும். கரண்ட் போகும் நாட்களுக்காகப் போடுவதென்றால் அது வேறு கணக்கு.

கீசரும் ரூம் ஹீட்டரும் சோலாரில் ஓடுமா?

பாட்டரியில் ஓட்டாதீர்கள். 12 டிகிரித் தண்ணீர் 100 லிட்டரை 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 4 யூனிட் வேண்டும். மேலே சொன்ன வீட்டின் இரண்டு நாள் மின்சாரம் குளியலறையில் போய்விடும். வெந்நீருக்குத் தனியாகச் சோலார் வாட்டர் ஹீட்டர் வையுங்கள். கண்ணாடிக் குழாய் வகையாக வாங்குங்கள். செம்புக் குழாய் கொண்ட தட்டை வகையில், உறைபனி இரவில் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். வெளியே ஓடும் பைப்புகளுக்கு உறை போடாவிட்டால் எந்த வகையானாலும் பயனில்லை.

தகரக் கூரையில் எப்படிப் பொருத்துவது?

திருகு, ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் முதல் மழையிலேயே ஒழுகும். ஷீட்டை மட்டும் பிடிக்காமல் கீழே உள்ள சட்டம்வரை திருகு போக வேண்டும். ஆடிக்காற்று பேனலுக்கு அடியில் புகுந்து ஷீட்டோடு சேர்த்துத் தூக்கும். பேனலுக்கும் கூரைக்கும் 10 செ.மீ. இடைவெளி போதும், கூரை விளிம்பிலிருந்து ஓரடியாவது உள்ளே தள்ளி வையுங்கள். பழைய எஸ்டேட் லைன் வீடுகளில் மரச்சட்டம் உளுத்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

காட்டுமாடு, குரங்கு?

தரையில் பேனல் வைத்தால் வேலி கட்டாயம். காட்டுமாடு பேனலின் விளிம்பில் உடம்பைத் தேய்க்கும், சட்டம் வளைந்துவிடும். குரங்கு தொங்கும் வயரைப் பிடித்து இழுக்கும், எலி கடிக்கும். கேபிள் முழுவதும் குழாய்க்குள் போகட்டும்.

இடிக்கு என்ன செய்வது?

ஏப்ரல்-மே, அக்டோபர் மாதங்களில் எச்சரிக்கை. பேனல் பக்கத்திலும் மின்வாரியப் பக்கத்திலும், திடீரென்று பாயும் மிகை வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி வேண்டும். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் வர வேண்டும். அடியில் பாறை என்றால் ஒரு குழி போதாது. இரண்டு மூன்று குழிகளை ஜி.ஐ. பட்டையால் இணைத்து, பாறைக்கு மேலுள்ள ஈர மண்ணில் கிடைமட்டமாக ஓட்டுங்கள். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள், மழையில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்துதான்.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

மேற்கு விளிம்பில், அளவீடு சாதகமாக வந்த இடத்தில், போடலாம். சோலாரை முதலில் போடுங்கள். காற்றாலைக்குத் தனி கன்ட்ரோலர் வேண்டும், அதோடு உபரி மின்சாரத்தை எரித்துத் தீர்க்கும் ஹீட்டர் சுருளும். பாட்டரி நிறைந்தால் பேனலைத் துண்டித்துவிடலாம். சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலையைத் துண்டிக்கக் கூடாது. சுமை நீங்கியதும் இறக்கை கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து உடையும். பிரேக் சுவிட்சையும் காற்று பலக்கும் முன்பே போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதத்தில், கோபுரத்தைச் சாய்த்து போல்ட், பேரிங், இறக்கை விளிம்பு மூன்றையும் பாருங்கள். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடை இருக்கிறது என்றால்?

அதை விடாதீர்கள். 1932-இலேயே பைக்காராவில் நீர்மின்சாரம் எடுத்த மலை இது. வீட்டளவுக் கணக்கு எளிது: வினாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம், இரண்டையும் பெருக்கி 5-ஆல் பெருக்கினால் வாட். வினாடிக்கு 3 லிட்டர், 20 மீட்டர் இறக்கம் என்றால் 300 வாட். சிறியதாகத் தெரியலாம், ஆனால் இரவும் பகலும் ஓடுவதால் ஒரு நாளைக்கு 7 யூனிட். மழைக்காலத்தில், பேனல் தூங்கும்போது, இது குறையாது.

20 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று மார்ச், ஏப்ரலில் அளவெடுங்கள். அதுதான் உங்கள் குறைந்தபட்சம். குழாயின் வாயில் சருகு வடிகட்டும் சல்லடையும், மணல் தங்கும் சிறு தொட்டியும் இல்லாவிட்டால் மின்சாரம் எடுக்கும் சக்கரத்தின் முனை தேய்ந்துபோகும். புறம்போக்கு ஓடையிலோ வன எல்லையிலோ தண்ணீரைத் திருப்ப அனுமதி வேண்டும்; பயன்படுத்திய தண்ணீர் அதே ஓடைக்குத் திரும்பிப் போக வேண்டும், கீழே குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.